வெயிலில் காய்ந்த மானிட்டர்

என் எழுத்து கோணலாக இருக்கும். வரிகள் மேலும் கீழுமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். இதை எழுதவே நான்கு நாட்கள் ஆயின.

நீடாமங்கலம் கடைத்தெருவில் டிவியும் மானிட்டரும் பழுதுபார்த்த வசந்தாவை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை பேருந்து நிறுத்தச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி இருந்தது. சுவரில் எது கண்டாலும் நின்று படிப்பது இப்போது என் வழக்கம். ‘கண்ணீர்’ என்று கூட்டி முடித்தபோது, கடினமான சொல்லைப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில் அவர் பெயர். அதுவரை எந்தச் சாவையும் யாராவது சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு வசந்தாவுடையது.

இருபது வருடங்களுக்கு முன்பு, நாங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தை விற்க முடிவு செய்த உடைமையாளர், “இவர்கள் என் குத்தகைதாரர்களே இல்லை” என்று சொல்லிவிட்டார். அது வழக்காயிற்று. விசாரணை நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் முறை. யார் எந்த வயலை எத்தனை வருடம் உழுதோம் என்ற வாக்குமூலங்களை, விவசாயிகள் சங்கச் செயலாளர் கலியமூர்த்தி பழைய கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தார். அன்று காலையில் சங்க அலுவலகத்தில் அச்செடுக்கப் போனால் மானிட்டர் இருட்டு.

ஒரு வாரம் மழை பெய்து அன்றுதான் வெயில் வந்திருந்தது. “ஈரம் கோத்திருக்கும்” என்றேன். செயலாளரும் தலையாட்டினார். அலுவலகத்தை ஒட்டிய நெற்களத்தில் படுதா விரித்து, மானிட்டரை விதைநெல் மாதிரி காயவைத்தேன். நடுவில் ஒருமுறை புரட்டியும் விட்டேன். ஒரு மணி நேரம் வீணானபின்தான் வசந்தாவுக்கு ஆள் போனது.

சைக்கிளை நிறுத்தியவர் களத்தைப் பார்த்தார். “என்னண்ணே, எத்தனை மூட்டை தேறும்?”

உள்ளே கொண்டுபோய்ப் பிளக்கைச் செருகினார். முன்பக்க விளக்கு எரிந்து அணைந்தது. உள்ளே ‘டிக், டிக்’ என்றது. “காது குடுத்துக் கேளுங்க. கரன்ட் உள்ள போவுது. கிளம்பப் பாக்குது, நின்னுடுது” என்றார். அவர் திருப்புளியை எடுத்ததும் நான் மானிட்டரைக் கட்டிக்கொண்டேன்.

“தொறக்காதம்மா! எங்க பேரெல்லாம் உள்ள இருக்கு!”

“டிவியத் தொறந்தா செய்தி வாசிக்கிறவரு கீழ விழுந்துடுவாரா? உங்க பேரு அந்தா, மேசைக்குக் கீழ இருக்குற பெட்டியில இருக்கு. இது காட்டுற கண்ணாடி. கைய எடுங்க.”

மூடியைக் கழற்றியபின்னும் அவர் உடனே தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரன்ட் தேங்கியிருக்குமாம். அதை வடித்துவிட்டுத்தான் கைவைத்தார். கலியமூர்த்தி தவித்தார். “சீக்கிரம்மா. இன்னிக்குத் தாள் போகலன்னா வேற வாய்தா கெடையாது.”

“அவசரத்துல எல்லாத்தையும் மாத்திட்டா, எது கெட்டுச்சுன்னு தெரியாமலே போயிடும்ணே.” அவர் கடையில் இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

படம் காட்டும் பக்கத்துக்குப் போகும் இணைப்பைப் பிரித்து, அங்கே ஒரு பல்பை மாட்டினார். பல்பு நின்று எரிந்தால் கோளாறு படத்தின் பக்கம். எரியாவிட்டால் கரன்ட் தரும் பக்கம். பல்பு மினுக்கி மினுக்கி அணைந்தது. அதே டிக், டிக். கரன்ட் தரும் பக்கத்தில் தேடி, தலை உப்பிய ஒரு கெப்பாசிட்டரைக் காட்டினார். “இவருதான் ஆளு.” புதியதைப் பற்றவைத்ததும் பல்பு நின்று எரிந்தது. இணைப்பைத் திரும்பக் கொடுத்தார். திரையில் எழுத்து வந்தது.

எழுத்து ஆடுகிறதா என்று பார்க்க ஒரு பக்கத்தை உரக்க வாசித்தார். அது என் வாக்குமூலம். “பெரிய வாய்க்காலுக்குத் தெற்கே இரண்டு மா நிலம்...”

“தெற்கேயா? என் வயலு வடக்கேல்ல இருக்கு!”

கலியமூர்த்திக்கு முகம் வெளுத்துவிட்டது. என் பங்காளியின் வாக்குமூலத்தை நகலெடுத்துப் பெயரை மாற்றியவர், நிலத்தை மாற்ற மறந்திருந்தார். அந்தத் தாளில்தான் நான் கைநாட்டு வைக்க இருந்தேன். வசந்தா பையை மூடவில்லை. மற்றவர்களின் பக்கங்களையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்தார். திருத்திய தாள்களோடு பஸ் ஏறினோம். வழக்கு முடிந்தபோது என் பெயர் என் வயலோடு நின்றது.

அன்றே படிக்க ஆசைப்பட்டேன். வெட்கம் விட இருபது வருடமாயிற்று. போன மாதம் அந்த வாக்குமூலத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். உடம்பு மெலிந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். முழுவதையும் நானே வாசித்துக் காட்டினேன். அரைமணி நேரம் ஆனது. “நீங்க அன்னிக்கு வாசிக்கலன்னா வயலு போயிருக்கும்மா” என்றேன்.

“நான் மானிட்டரத்தான் பாத்தேன்” என்று சிரித்தார். “படிச்சுட்டீங்கள்ல, இனிமே என்னைத் தேட மாட்டீங்க.”

சுவரொட்டி முன் நின்று அழுதேன். ஆனால் மனம் கனக்கவில்லை. சொல்ல வேண்டியதை அவர் காதுபடச் சொல்லியாயிற்று.

நேற்று பேத்தியின் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். “இருங்க, வாசிச்சுக்குறேன்” என்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவசரப்படாத அந்த நிதானம்தான் வசந்தாவிடமிருந்து எடுத்து நான் வைத்திருப்பது. விரல் வைத்துக் கடைசி வரி வரை வாசித்தேன். பிள்ளை பிறந்த மாதம் தவறாக இருந்தது. திருத்தச் சொல்லிவிட்டு, அதன்பிறகு என் பெயரை எழுதினேன்.