நேராக விழுந்த டிபன் பாக்ஸ்

ஹாலில் மேசைமேல் டங்கென்று எதையோ வைக்கும் சத்தம் கேட்டது. உள் அறையில் கதவுக்குப் பின்னால் பதுங்கியிருந்த கண்டக்டர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். அது அவருடைய டிபன் பாக்ஸ்.

கொண்டுவந்தவர் தையல்காரர். நேற்று ஓடும் பஸ்ஸின் படியில் நின்று டப்பாவைக் கழுவி உதறும்போது அது கண்டக்டரின் கையிலிருந்து நழுவிவிட்டது. ஊரில் இத்தனை முழங்கால்கள் இருக்க, அது போய்ப் பட்டது நிறுத்தத்தில் நின்ற தையல்காரரின் முழங்காலில். போன வாரம்தான் பேன்ட்டைக் குட்டையாகத் தைத்துவிட்டார் என்று அவர் கடையில் கண்டக்டர் கத்திவிட்டு வந்திருந்தார். அந்தக் கோபத்தில் குறிபார்த்து எறிந்தார் என்பது தையல்காரரின் கட்சி. நாளை டிப்போவில் புகார் கொடுப்பாராம். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியவர் கண்டக்டர். இன்னொன்று வந்தால் வேலை காலி.

வேலை போனால் அந்த மனிதர் என்ன ஆவார்? மீசை அரும்பிய நாளிலிருந்து பஸ்ஸிலேயே நின்ற உடம்பு. ஆடாத தரையில்தான் அவருக்குத் தலை சுற்றும். வீட்டிலும் காலை அகட்டித்தான் நடப்பார். தூக்கத்தில் மனைவி புரண்டால், உள்ளே தள்ளி நிற்கச் சொல்வார்.

மனைவி கூப்பிட்ட பிறகு மெல்ல வெளியே வந்தார். டப்பா தன் கைக்கு நேர் கீழேதான் விழுந்தது, கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார்.

“நேரா விழுந்தா எப்படி சார் என்னைப் பாத்துப் பறந்து வரும்?” என்றார் தையல்காரர்.

மனைவி வீட்டிலேயே தட்டச்சு வேலை செய்பவள். உருளை வைத்த நாற்காலியில் அறைக்கு அறை உருள்வாள். போகிற போக்கில் அவள் நழுவவிடும் பேனா ஒருநாளும் விட்ட இடத்தில் கிடைத்ததில்லை. அதே நாற்காலியில் தையல்காரரை உட்காரவைத்து, கையில் ஒரு தக்காளியைக் கொடுத்தாள். எறிய வேண்டாம், கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, தான் சொல்லும்போது விரலை மட்டும் விரித்தால் போதும் என்றாள். கணவரைச் சற்றுத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு, நாற்காலியை ஓட்டமாகத் தள்ளினாள்.

“விடுங்கண்ணே.”

தக்காளி கண்டக்டரின் முழங்காலில் உடைந்து வழிந்தது.

“நல்லாத்தான் குறி பாக்குறீங்க” என்றாள் மனைவி.

“ஐயோ, நான் எங்கேம்மா எறிஞ்சேன்? சும்மா விரலை விரிச்சேன். நேரா கீழதான்...” தையல்காரர் திரும்பிக் கண்டக்டரின் முழங்காலைப் பார்த்தார்.

நாற்காலியின் வேகம் தக்காளியோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே ஓடியவர் கண்ணுக்கு அது நேராக இறங்கியது. நின்றவர் கண்ணுக்குப் பறந்து வந்தது. கண்டக்டர் தக்காளிச் சாற்றைத் துடைக்கவே இல்லை. கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார்.

தையல்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னொரு தடவை தள்ளச் சொன்னார். அதற்கடுத்த தடவை தக்காளிகூடக் கேட்கவில்லை. மனைவிக்கு மூச்சு வாங்கியதும், கண்டக்டரே தள்ளினார்.

ஒருவழியாக இறங்கியதும் தையல்காரர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “டிப்போவுக்கெல்லாம் போகல” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் தள்ளாடியபடி படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை சிரிப்பை அடக்கி நின்ற மனைவி, கதவைச் சாத்தினாள்.