சீட் ரொம்பினாத்தான் வண்டி

பல்வலிக்காரனிடம் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள். போன செவ்வாய்க்கிழமை காலை என் கன்னம் தேங்காய் மூடி மாதிரி வீங்கியிருந்தது. உத்திரமேரூரில் பஸ் ஏறி வாலாஜாபாத், அங்கே ரயிலைப் பிடித்துக் காஞ்சிபுரம், அங்கே பல் டாக்டர் – இதுதான் திட்டம். ஏறி உட்கார்ந்தாயிற்று. டிக்கெட்டும் வாங்கியாயிற்று. வண்டி மட்டும்... நகருவேனா என்கிறது.

கண்டக்டர் கோதண்டத்தைக் கூப்பிட்டேன்.

"இன்னாப்பா, நேரமாவலையா?"

"சீட் ரொம்பலையே சார். டீசல் வெலை ஏறிப்போச்சு. சீட் ரொம்பினாத்தான் வண்டியை எடுக்கணும்னு மொதலாளி ஆர்டர். வழியில செக்கிங் ஆளு நிக்கிறான். சீட் காலியா கீதுன்னா என் சம்பளத்துல புடிச்சிடுவாங்க."

டீசல் விலை ஏறியதும் டிக்கெட்டை ஏற்றினார்கள். தொலையட்டும் என்று கொடுத்தோம். ஏறின டிக்கெட்டுக்கு என்ன கிடைத்தது? ஏரிக்கரை இறக்கத்தில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருட்டுகிறார். அப்புறம் அது கிளம்பாவிட்டால் இறங்கித் தள்ளுவது யார்? காசு கொடுத்த நாம்தான்! கை காட்டினாலும் இப்போது நிறுத்துவதில்லை. நிறுத்திக் கிளப்பினால் டீசல் செலவாம். ஓடி வந்து தொற்றிக்கொள்ள வேண்டும். பெருநகர் என்கிற ஊரில் எனக்கு ஒரு நண்பர், பேரன் பேத்தி எடுத்தவர். இப்போது அருமையாக ஓடுகிறார். சர்க்காருக்கு நஷ்டம் வரக் கூடாது, முதலாளிக்கும் வரக் கூடாது. மிச்சம் யார் இருக்கிறார்கள், நம்மைத் தவிர?

அன்றைக்கு வண்டியில் இரண்டே இடம்தான் காலி. இரண்டும் ஒரே பெஞ்சில். அந்த பெஞ்சில் நைனா உட்கார்ந்திருந்தார்.

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. இவர் பண்ணை வீட்டுக்காரர். ஊரில் பாதிப் பேர் இவர் நிலத்தில் கூலி வேலை செய்வதால் ஊருக்கே நைனா. மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் இவர் ஒரு ஓரம், துண்டு நடுவில், குடை இன்னொரு ஓரம். துண்டுக்கும் குடைக்கும் டிக்கெட் கேட்க எவனுக்குத் தைரியம்?

கீழே அந்தோணியம்மாளும் அவள் நாத்தனாரும் நின்றிருந்தார்கள். சேரிப் பெண்கள். போன நடவு வரைக்கும் நைனா கழனியில் குனிந்து நிமிர்ந்தவர்கள். நடையாய் நடந்து, மேஸ்திரியிடம் கெஞ்சி, வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை வாங்கியிருக்கிறார்கள். அன்றுதான் முதல் நாள். சங்கு ஊதுவதற்குள் உள்ளே வராவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் தயார் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"எப்பண்ணே எடுப்பே? சங்கு ஊதிட்டா கேட்டை மூடிடுவாங்கண்ணே."

"நீங்க ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. இந்த நிமிசமே எடுத்துடறேன்."

"நாங்க பின்னால நின்னுக்கினே வரோம்."

அதுதான் வழக்கம். எத்தனை சீட் காலியாக இருந்தாலும் அவர்கள் பின்பக்கம் நின்றுகொண்டே வருவார்கள். யாரும் நிற்கச் சொன்னதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. ஆனால் டிக்கெட்? முழு டிக்கெட்!

"நின்னா ஆவாதும்மா," என்றார் கோதண்டம். "மொதலாளி சீட்டைத்தான் எண்றாரு."

வண்டியே நைனாவைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கும் அவசரம்தான். காஞ்சிபுரம் கோர்ட்டில் கேஸ். எதிராளி வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி. ஒரு வரப்புக்காக வருஷக்கணக்கில் நடக்கிறது. கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் வரப்பு தம்பிக்கு.

"இன்னாடா பேஜாரு இது!" என்று சீறினார். "யாராவது ரெண்டு பேர் எழுந்து முன்னால வாங்க. அதுங்க பின்னால உக்காரட்டும்."

யாரும் அசையவில்லை. என் பக்கத்தில் ஒரு பட்டு நெசவாளி. நிதானமாக வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "நாங்க நேரத்தோட வந்து எடம் புடிச்சோம் நைனா. நீங்க வேணா பின்னால வாங்க."

பல்வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் உயிர் போயிற்று, அது வேறு விஷயம்.

நைனா விடுவாரா? "அந்த ரெண்டு சீட்டுக்கும் நானே துட்டு குடுத்துடறேன். வண்டியை எடு!"

"தாராளமா!" என்று கோதண்டம் டிக்கெட் விலையைச் சொன்னார்.

"அவ்ளோவா? போன மாசம் இவ்ளோ இல்லியேடா!"

"டீசல் நைனா..."

மடியில் நுழைந்த கை வெறுமனே வெளியே வந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பரம்பரை கௌரவம், இன்னொரு பக்கம் பரம்பரைக் கஞ்சத்தனம். எது ஜெயிக்கும்? துண்டு தோளுக்குப் போயிற்று. குடை காலடிக்குப் போயிற்று. நைனா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

"ஏறச் சொல்லுடா," என்றார் கோதண்டத்திடம்.

அந்தோணியம்மாள் ஏறினாள். ஆனால் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, சங்கு ஊதிடப் போறான்!" என்று கோதண்டம் பதறினார்.

"தெரியும்ணே. நைனா தன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். இன்னிக்கு உக்காந்துட்டு நாளைக்கு 'யாரைக் கேட்டுடி உக்காந்தே'ன்னு ஆளை அனுப்பினா, என் வூட்டுக்காரர்தான் பதில் சொல்லணும். அவரு இன்னும் நைனா கழனியிலதான் கீறாரு. அத்தினி பேரும் கேக்கட்டும்."

கெஞ்சி வாங்கிய வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, அப்படியும் நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்வலி இருந்த இடம் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய இடத்தில் உட்கார ஒரு பெண்ணுக்குச் சாட்சி வேண்டியிருக்கிறது!

நைனா ஜன்னலுக்கு வெளியே இருந்த புளியமரத்திடம் முணுமுணுத்தார்: "உக்காரு."

"காதுல வியலையே நைனா," என்றார் என் நெசவாளி. நல்ல மனுஷன்.

"உக்காரும்மா!"

'ம்மா' கூட வந்துவிட்டது. அந்தோணியம்மாள் உட்கார்ந்தாள். நாத்தனார் உட்கார்ந்தாள். கோதண்டம் ஊதிய விசில் எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

எத்தனை தலைவர்கள் மேடையேறித் தொண்டை வறளப் பேசினார்கள்? சட்டம்கூடப் போட்டாயிற்று. நைனா அசைந்தாரா? டீசல் விலை அசைத்துவிட்டது! மனசு மாறிவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மடி கடித்தது, அவ்வளவுதான்.

வாலாஜாபாத் எல்லையில் வண்டி நுழையும்போதே சங்கு ஊதத் தொடங்கிவிட்டது. மில் வாசலில் வண்டி முழுசாக நிற்பதற்குள் இரண்டு பேரும் குதித்து ஓடினார்கள். காவல்காரன் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தான். நாத்தனார் புகுந்தாள். அந்தோணியம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தாள். கேட் மூடியது. வண்டியிலிருந்த எல்லோரும் அப்போதுதான் மூச்சு விட்டோம். இனி தினமும் அந்த ஏறின டிக்கெட் அவள் கூலியில்தான் கை வைக்கும். நைனாவின் பக்கத்தில் உட்காருவதற்கு அவளும்தான் விலை கொடுக்கிறாள்.

ரயிலில் நைனா எனக்கு எதிரே. அவருடைய இரண்டு பக்கமும் யார் யாரோ இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. அங்கேதான் அவரை நைனா என்று கூப்பிட ஆளில்லையே! என்னிடம் கேட்டார்:

"நீங்க பத்திரிகையில எழுதறவராச்சே... இந்த அநியாயத்தை எழுதக் கூடாதா?"

வாயைத் திறக்க முடியாததால் தலையை ஆட்டினேன். எந்த அநியாயம் என்று அவர் சொல்லவில்லை. நானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டேன்.