அப்பா சொல்லி முடிக்காத ஆட்டம்

"கல்லூரி உதைபந்தாட்ட அணி, 19.." என்று பென்சிலால் எழுதப்பட்ட அந்தப் பழைய புகைப்படத்தின் பின்பக்கத்தில் கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்துவிட்டன. உடைகளை வைத்து இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் என்று கணிக்கிறேன். அதைக் கையில் எடுத்தால் எனக்கு ஈரக் காலணியின், எங்கள் பேச்சில் "சப்பாத்தின்", நாற்றமும் வாஃபிளின் வெண்ணெய் மணமும் சேர்ந்தே வரும்.

2000களின் நடுவில், ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் எங்கள் சிறுமியர் அணியின் பருவம் முடிந்து, வாஃபிள் சுட்டுப் பரிமாறிய ஒன்றுகூடலில், ஒவ்வொரு வீட்டாரும் கால்பந்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று பயிற்சியாளர் கேட்டிருந்தார். குளிரில் ஓரமாக நின்று கைதட்டுவதைத் தவிர வேறு பங்கில்லாத என் அப்பாவுக்கும் சொல்ல ஒன்று இருந்தது: யாழ்ப்பாணத்தில் தன் அப்பப்பா கல்லூரி அணிக்காக வெறுங்காலுடன் "பந்தடித்த" ஒரு பருவம். ஒரு வாரமாகக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நொர்வேஜிய மொழியில் அதைச் சொல்லிப் பழகினார்.

"பிள்ளை, கல்லூரிக்கு என்னெண்டு சொல்லுறது?"

"ஹொய்ஸ்கூலே," என்றேன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். பள்ளிக்கூடம் முடித்தவர்கள் போய்ப் படிக்கும் இடத்துக்கான சொல் அது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களுக்கே கல்லூரி என்று பெயர் என்பது ஒஸ்லோவில் பிறந்த எனக்குத் தெரியாது.

அப்பா நன்றாகத்தான் சொன்னார். அரையிறுதி வரை வென்றதையும், இறுதி ஆட்டத்தில் மழை பிடித்துப் பந்து கல்லாகக் கனத்ததையும், இரண்டு அணியும் ஆளுக்கொரு கோலோடு சமநிலையில் நின்றதையும் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் கொண்டுவந்த அந்த அணிப் படம் கைமாறி, சென்னையிலிருந்து வந்து எங்கள் அணியில் சேர்ந்திருந்த காவ்யாவிடம் போனது.

"காலேஜ் பசங்களா அங்கிள்? ஒருத்தனுக்குக்கூட மீசையே முளைக்கலையே!"

அதையே அவள் நொர்வேஜிய மொழியிலும் சொல்ல, மேசை முழுக்கச் சிரித்தது. பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி, உண்மையிலேயே ஹொய்ஸ்கூலேயா என்று கேட்டார். சொல் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். "அப்பா எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்," என்றேன், எல்லாருக்கும் விளங்கும் மொழியில்.

அப்பாவுக்கும் விளங்கியது. படத்தை வாங்கிச் சட்டைக் கையால் துடைத்தார். "ஓம், ஓம். அவ்வளவுதான்," என்று தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீடு திரும்பும்போது அவர் குரலில் கோபமே இல்லை. "நீ சொன்ன சொல்லைத்தானே பிள்ளை நான் சொன்னனான்?"

நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

பிறகு அந்தக் காலப் பள்ளிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். மீசை முளைக்காத கல்லூரி அணிகள் தாராளமாக இருந்திருக்கின்றன. படித்ததை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டி, மிச்சக் கதையைக் கேட்டேன். "பழங்கதை, விடு பிள்ளை," என்றார். பிறகும் ஒருமுறை கேட்டேன்; அதே பதில். இப்போது அவர் இல்லை. நாங்கள் விளையாடிய சரளைக்கல் மைதானமும் இல்லை, செயற்கைப் புல் விரித்துவிட்டார்கள்.

அண்மையில் ஸ்தவாங்கர் நகரில் இருக்கும் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, அந்த இறுதி ஆட்டத்தின் முடிவைக் கேட்டேன். அவருக்கு யாரும் அந்தக் கதையைச் சொன்னதில்லையாம்.

"வெண்டிருப்பினம். பின்னை ஏன் படம் எடுத்தவை?" என்றார்.

வென்றார்கள் என்பது ஊகம் மட்டுமே. முடிவு இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.