மயில்கழுத்துக் கலர் மீன்

அம்மா இறந்து நாலு மாதம் ஆகியும் அவளுடைய மயில்கழுத்துக் கலர் சேலையை நான் துவைக்கவில்லை. முகத்தில் வைத்தால் அம்மா வாசம் வரும். துவைத்தால் போய்விடும்.

மலைமேல் நாயுடுபுரத்தில் ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா வீட்டில் சித்தி சமையல், நான் பாத்திரம். ஒருநாள் ராமேஸ்வரத்துப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் டீச்சரம்மாவுக்கு ஒரு மீன் வந்தது. சித்தி சந்தோஷமாகப் புளி ஊறப்போட்டாள்.

“இவங்கள சமைக்கக் கூடாது!” என்று டீச்சரம்மா ஓடிவந்தார். மரியாதைத் தமிழ் மட்டுமே படித்தவர். பூனையைக்கூட ‘வாங்க’ என்பார். “இவங்க பவளப்பாறை மீன். நம்ம கடல்ல இருக்கறதா இதுவரைக்கும் யாரும் எழுதல.”

புத்தகத்தில் ஒரே சாடையில் இரண்டு மீன்கள். கலரில்தான் வித்தியாசம். கெடாமல் இருக்க ஸ்பிரிட்டில் போட்டால் அந்தக் கலர் போய்விடுமாம். படம் வரைந்து வைக்க அவர் குழைத்த பெயிண்ட் ஒன்றும் ஒத்துவரவில்லை.

“இது என்ன கலர், சொல்லுங்க?”

“மயில்கழுத்துங்க.”

மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவங்களுக்குக் கழுத்து எங்கே?”

“மீனுக்கு ஏதுங்க கழுத்து? கலரு பேருங்க அது.”

“மூக்கு கிளி, கலரு மயிலு, நாத்தம் மட்டுந்தான் மீனு” என்றாள் சித்தி. “எங்க அக்கா சேலை இதே கலருங்க. இவகிட்டதான் கெடக்கு.”

சித்தியை முறைத்தேன்.

“ஒரு சின்னத் துண்டு குடுங்க. மீனோட மியூசியத்துக்கு அனுப்பினா நம்புவாங்க.”

“பாக்க மட்டும் கொண்டாறேன். கத்திரியத் தொடக் கூடாதுங்க.”

கொண்டுவந்து மீன் பக்கத்தில் பிடித்தேன். இப்படிச் சாய்த்தால் நீலம், அப்படிச் சாய்த்தால் பச்சை. மீனும் சேலையும் ஒரே கலர்தான். டீச்சரம்மா குதித்த குதியில் தட்டு சரிந்து, மீன் சேலைமேல் வழுக்கி என் மடிக்கு வந்தது.

சேலையை மோந்து பார்த்தேன். மீன்தான். அம்மா இல்லை. விம்மி விம்மி அழுதேன்.

“மன்னிச்சிருங்க” என்றார் டீச்சரம்மா. என்னிடமா, மீனிடமா, தெரியவில்லை.

“ஏண்டி, எங்கக்காவுக்கு மீன் நாத்தமே ஆகாதேடி” என்றாள் சித்தி. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்து மூக்கு ஒழுகியது. கத்திரியை நானே வாங்கி, இடுப்பில் சொருகும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

டீச்சரம்மா சொன்ன அந்த மீனேதானாம், நம் கரையில் இதுதான் முதலாவதாம். போன வாரம் சேதி வந்தது.

சேலையைத் துவைத்துவிட்டேன். வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன். இப்போது அதில் புகை வாசம். அதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.