தலைப்பில்லாத கால அட்டவணை

ஐம்பதுகளின் நடுவில் ஓசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஆண்டுத் தேர்வுக்குக் கால அட்டவணை போடுவதும் என் பொறுப்பு. பாடம் நீல மையில், தேதி சிவப்பு மையில். எப்போதும் முதல் நாள் கணக்குதான். சுவரில் ஒட்டிவிட்டால் யார் கேட்டாலும் ஒரு கோட்டைக்கூட மாற்றமாட்டேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

சரித்திரம் நடத்திய டீச்சர் மத்திகிரியிலிருந்து தினம் நடந்து வருவார். கன்னட பண்டிதர் ஓய்வு பெற்றதும் அந்த வகுப்பும் அவர் தலையில் விழுந்தது. முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டார். இதற்கு நடுவே சரித்திரத்தில் எம்.ஏ. இறுதித் தேர்வுக்குத் தனியாகப் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வரைபடம் வரைந்து முடிப்பதற்குள் ஒரு பக்கம் படித்துவிடுவார். தேர்வு எழுத அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் இலாகா அனுமதி தந்திருந்தது. தவறவிட்டால் மறுபடி கேட்டு வாங்குவது நடக்காத காரியம்.

"பரீட்சை தேதி பேப்பர்ல வந்தா சொல்லுங்க சார். நம்ம பள்ளிக்கூடப் பரீட்சையோட மோதாம பாத்துக்கணும்" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார்.

வந்தது. ஓசூருக்கு முதலில் வந்து சேர்வது பெங்களூர்ப் பேப்பர்தான். தேதிகள் வந்த பக்கத்தில் எம்.ஏ. சரித்திரத்துக்கான பகுதியை மட்டும் பிசிறில்லாமல் வெட்டி, அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். பள்ளித் தேர்வெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் அவருக்கு முதல் தாள். மோதவே இல்லை என்று எனக்குப் பெருமை வேறு.

பள்ளித் தேர்வுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, தபாலில் அவருடைய ஹால் டிக்கெட் வந்தது. சென்னையில் முதல் தாள் வருகிற திங்கட்கிழமை என்று போட்டிருந்தது. நான் வெட்டிக் கொடுத்தது மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் அட்டவணை. அதைச் சொல்லும் தலைப்பைத்தான் நான் அழகாக வெட்டி எறிந்திருந்தேன். தாள்களின் வரிசையும் வேறு. கடைசியில் படிக்கலாம் என்று டீச்சர் ஒதுக்கி வைத்திருந்த தாள்தான் திங்கட்கிழமை.

 அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"பேசி என்ன சார் ஆவப்போவுது? திங்கக்கெழம கன்னடப் பரீட்ச இருக்குது. அத நாளைக்குக் காலையில வெச்சிருங்க. முடிச்சுட்டுக் கெளம்பிடறேன்" என்றார்.

"அத விடுங்க டீச்சர். இன்னைக்கே கெளம்புங்க."

"பலகையில கன்னடத்துல கேள்வி எழுதிப்போட வேற யாரு இருக்காங்க? நான் திரும்பறதுக்குள்ள பள்ளிக்கூடத்த லீவுக்கு மூடிருவாங்க. என் பரீட்சைக்காகப் புள்ளைங்க பரீட்ச கெடக்கூடாது சார்."

தலைமையாசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சுவரிலிருந்த அட்டவணையை நானே கிழித்தேன். கன்னடம் உள்பட மொழிப் பாடம் முதல் நாளுக்கு வந்தது, கணக்கு திங்கட்கிழமைக்குப் போனது. கணக்குக்கு மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்ததில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

மறுநாள் டீச்சர் கேள்விகளை எழுதிப்போட்டு, கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை இருந்து, விடைத்தாள் கட்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பெங்களூர் போய் அங்கிருந்து சென்னைக்கு ரயில். வழியனுப்பப் போயிருந்தேன். பஸ் புறப்படுவதற்கு முன்பே மடியில் குறிப்புத் தாள் விரிந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ரிஜிஸ்டர் தபாலில் கன்னட விடைத்தாள்கள் வந்தன. தன் தேர்வுகளுக்கு நடுவே அத்தனையையும் திருத்தியிருந்தார். கணக்கு வாத்தியார் புத்தி, மதிப்பெண் கூட்டலை எல்லாம் சரிபார்த்தேன். ஓர் இடத்திலும் பிசகில்லை. அவரைப் போல ஒரு மனுஷியை அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை.

முடிவு வெளியாகும் நாளும் வந்தது. அன்றைய பேப்பர் ஆசிரியர் அறையில்தான் கிடந்தது. டீச்சருக்குப் பார்க்கத் தெரியாதா என்ன? ஆனாலும் நேராக என் மேஜைக்கு வந்து, தன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை வைத்தார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்."

தலைப்பை இரண்டு முறை படித்தேன். நம் பல்கலைக்கழகம்தான். பிறகு விரலை ஓட்டினேன். நம்பர் இருந்தது.  பேப்பரை அவர் பக்கம் திருப்பி அந்த இடத்தில் விரலை வைத்தேன்.