அட்டையில் வெட்டிய முதுகு

அன்றைக்குச் சிதம்பரத்தில், மேல வீதிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக் கார் ஷெட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், சேணத்தை விற்க இருந்தவர், டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றுகொண்ட அவருடைய மனைவி. என் தம்பி வரவில்லை. அவன் கடலூரில் குதிரையோடு இருந்தான். யாருக்குச் சேணம் வாங்கப் போனோமோ அந்தக் குதிரையும் வரவில்லை. அதன் முதுகின் வளைவை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தோம்.

எங்களுக்கு இருப்பது ஒரே குதிரை. பெட்டை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சாயங்காலம் சில்வர் பீச்சில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வரும். வீட்டு வாடகை, அரிசி, மகளின் பள்ளிக்கூடப் பீஸ் எல்லாம் அந்த முதுகிலிருந்துதான் இறங்கி வந்தாக வேண்டும். அதில் ஒரு புண் வந்துவிட்டால் எங்கள் கதை என்ன ஆகும் என்ற பயம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கு உண்டு. அது ஒன்றுதான் பயம் என்றில்லை. ஊர்வலத்தில் சரவெடி வைத்தால் மிரண்டு ஓடிவிடுமோ, கடற்கரையில் யாராவது பிளாஸ்டிக் பையோடு பழத்தைக் கொடுத்து அது தின்றுவிடுமோ, கேஸ் சிலிண்டரை மூடினேனா இல்லையா. எதற்கும் என் வாயில் முதலில் வருவது வேண்டாம் என்ற சொல்தான். வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் ஒரு பாண்டிச்சேரிக்காரர் எங்களைத் தேடி வந்தார். குதிரையில் நெடுந்தூரம் போகிற ஆட்கள் சிலர் அவரோடு சேர்ந்து மாதம் ஒரு முறை கிளம்புவார்கள். கடலூரிலிருந்து கடலோரமாகவே பரங்கிப்பேட்டை, அங்கே ஒரு ராத் தங்கல், மறுநாள் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி கிள்ளை வழியாகப் பிச்சாவரம். அவருடைய சொந்தக் குதிரைக்கு வயதாகிவிட்டதால் எங்களுடையதை வாடகைக்குக் கேட்டார்.

"கல்யாண சேணம் மட்டும் வேணாம்" என்றார். "அதுல நாள் பூரா ஒக்காந்தா என் இடுப்பும் போயிடும், அது முதுகும் போயிடும். லாங் ரைடுக்குன்னு தனியா சேடில் இருக்கு. அத வாங்கிடுங்க. அஞ்சு சவாரிக்கு உண்டான காச இப்பவே குடுத்துடுறேன்."

எங்கள் கல்யாணச் சேணத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். மரமும் தகரமும், அதன்மேல் ஸ்பாஞ்சு, அதன்மேல் ஜரிகைத் துணி. மாப்பிள்ளை சரிந்து விழாமல் மண்டபம் போய்ச் சேர்ந்தால் அதன் வேலை முடிந்தது. துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அவர் வந்துபோனது கார்த்திகையில். மார்கழி பிறந்ததும் எங்களுக்குக் கை ஒழிந்தது. மார்கழியில் யார் வீட்டில் கல்யாணம்? எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் கொட்டகைக்கு ஓலை மாற்றுவது, லாடம் அடிப்பது, சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவது எல்லாவற்றையும் அந்த மாதத்துக்குத்தான் தள்ளி வைப்போம். குதிரை நின்ற இடத்திலேயே நின்று தின்னும். சேணம் வாங்குவதையும் அப்போதே வைத்துக்கொண்டோம்.

நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் வீடியோவில் அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. ஆனாலும் போனில் சேணம் பற்றி வந்ததையெல்லாம் பார்த்தேன். பேச்சை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். ஒரு பெண் வளையும் கம்பியைக் குதிரையின் மேல் அழுத்தி, அந்த வளைவை அப்படியே காகிதத்தில் வரைந்தாள். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் எலும்பு மேடாக நிற்கும். சேணத்தை வைத்த பிறகு அந்த மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் மூன்று விரலை நுழைத்துக் காட்டினாள். எனக்கு அது போதும்.

தம்பி மொத்தமான கரண்டு ஒயரைக் கொண்டுவந்தான். அந்த மேட்டின்மேல் வைத்து அழுத்தி, வளைந்ததை அப்படியே தூக்கி, பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியின்மேல் வைத்துப் பேனாவால் கோடு போட்டு வெட்டினோம். பேருந்தில் நசுங்கிவிடக் கூடாது என்று அரிசிப் பைக்குள் வைத்து மடியிலேயே பிடித்துக்கொண்டு போனேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் கூட்டம் ஏறியது. நான் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.

"என்னாம்மா அது, சாமி படமா?" என்றார் கண்டக்டர்.

"குதிரை முதுகுங்க."

"குதிரைக்குத் தனியா டிக்கெட் போடவா?" என்றார். பேருந்தே சிரித்தது. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிதம்பரத்துக்காரரிடம் இரண்டு சேணங்கள் இருந்தன. அவர் குதிரையை விற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒன்று மெத்தை போல இருந்தது. என் வீட்டுக்காரர் அதைத்தான் முதலில் தொட்டார். மரத் தாங்கியில் அதை வைத்து ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினார்.

"சோபா மாதிரி இருக்குடி" என்றார்.

"நீங்களா ஏறிப் போகப் போறீங்க?" என்றேன்.

வீட்டம்மா சிரித்துவிட்டார். "எங்க வீட்டுலயும் இப்பிடித்தான். குதிரைக்கு நூல் புடிச்சு அளவு பாப்பாரு. எனக்கு ஒரு ஜாக்கெட் வாங்கியாந்தா கை நுழையாது."

"அதுக்குத்தான் இப்ப குதிரையும் இல்ல, ஜாக்கெட்டும் இல்ல" என்றார் சிதம்பரத்துக்காரர்.

இரண்டாவது சேணம் பார்வைக்கு ஒன்றுமில்லை. உட்காரும் இடம் ஒல்லி. கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் இரண்டு பட்டையும் அகலமாக, நீளமாக, பின்னால் வரைக்கும் போயின. நடுவில் முதுகெலும்புக்கு நல்ல வழி. சுமை ஒரே இடத்தில் இறங்காமல் பரவும் என்றார். மெத்தைச் சேணத்தை அட்டையின்மேல் வைத்தபோது ஓரம் ஓரமாகக் குத்தி நின்றது. இது உட்கார்ந்தது. மூன்று விரல் நுழைந்தது. என் விரல், அவர் விரல், என் வீட்டுக்காரர் விரல், மூவரும் நுழைத்துப் பார்த்தோம். கடலூருக்குக் கொண்டுபோய்க் குதிரையின்மேல் வைத்தபோதும் மூன்று விரல். பாண்டிச்சேரிக்காரர் தந்த முன்பணம் முழுவதும் அந்தச் சேணத்துக்கே போனது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். எனக்கு அது அபூர்வம்.

தை பிறந்தது. அந்தத் தையும் மாசியும் எங்களுக்கு நல்ல ஓட்டம். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, வடலூர் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனோம். சில முகூர்த்தத்துக்கு ஒரே சாயங்காலத்தில் இரண்டு மாப்பிள்ளை. வண்டிக்குக் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று பக்கத்து ஊர்களுக்கு நடத்தியே கூட்டிப் போனார்கள். குதிரை இளைத்தது. அது புதிதில்லை. சீசனில் இளைக்கும், ஆடியில் தேறும். வருஷா வருஷம் பார்ப்பதுதான். எங்கள் தொழிலில் யாருக்கும் அது கண்ணில் படுகிற விஷயமே இல்லை. ஜரிகைத் துணி போட்டால் எல்லாக் குதிரையும் ஒன்றுதான்.

முகூர்த்த நெருக்கம் தளர்ந்த பிறகு, பங்குனி முதல் வாரம், விடியற்காலையில் சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்திலிருந்து முதல் சவாரி கிளம்பியது. நான்கு குதிரைகள், எங்களுடையதில் பாண்டிச்சேரிக்காரர். புதுச் சேணத்தை என் வீட்டுக்காரர் வைத்து வாரை இழுத்தார். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது போல் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தார். ஒன்று நுழைந்தது. இரண்டாவது பிடித்தது.

"என்னா மாமா, எறங்கியிருக்கு?" என்றான் தம்பி.

"புதுசுடா மச்சான், அமுங்குது. இன்னொரு ஜமுக்காளம் மடிச்சு வையி."

கல்யாணச் சேணத்துக்கு அப்படித்தான் செய்வோம். ஆடினால் ஒரு துணி, இன்னும் ஆடினால் இன்னொரு துணி. தம்பி மடித்து வைத்தான். இறுக்கமான ஷூவுக்குள் தடித்த சாக்ஸ் போட்டது போல அது இன்னும் பிடிக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மெத்தென்று இருக்கும் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பயமெல்லாம் லாரி ஹாரன், உப்பனாற்று ஓரத்து நாய்கள், வெயிலில் வயிற்று வலி.

தம்பி தண்ணீர் கேனோடு மொபெட்டில் பின்னாலேயே போனான். மத்தியானம் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திச் சேணத்தை இறக்கியதும் போட்டோ அனுப்பினான். முதுகு பூராவும் வேர்வையில் நனைந்து கறுத்திருந்தது. எலும்பு மேட்டின் இரண்டு பக்கத்திலும் மட்டும் உள்ளங்கை அளவு காய்ந்து கிடந்தது.

"அக்கா, இங்க பாரு, காஞ்சிருக்கு. அந்த எடத்துல உரசவே இல்ல" என்றான் போனில்.

நானும் அப்பாடா என்றேன். சேணம் அழுத்துகிற இடத்தில் வேர்வை வராது என்பதைப் பிறகு மாட்டு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

சாயங்காலம் பரங்கிப்பேட்டையிலிருந்து மறுபடி போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. மேட்டின்மேல் லேசாகப் பொம்மி வீங்கியிருக்கிறது, தொட்டால் தோல் நடுங்குகிறது என்றான். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். சேணத்தின் அடிப்பட்டையில் அழுத்துகிற இடத்தைப் பிளேடால் கீறி, உள்ளே அடைத்திருந்ததைப் பிடுங்கிவிட்டாராம். இப்போது இடம் கிடைத்துவிட்டது என்றார்.

"நாளைக்கு வேணாங்க" என்றேன். "குட்டியானை வண்டி புடிச்சு ஏத்திக்கினு வந்துடுங்க."

"பாண்டிச்சேரி சாரும் அதான் கேட்டாரு, நிறுத்திக்கலாமான்னு. மொத சவாரியிலயே பாதில நின்னா அடுத்த மாசம் நம்மள கூப்புடுவாரா? இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"வேணாங்க. எனக்கு மனசு சரியில்ல."

"ஒனக்கு என்னிக்கு சரியா இருந்துது? சிலிண்டருக்கும் வேணாம், சரவெடிக்கும் வேணாம். நீ ஜாஸ்தி யோசிக்காம போய்ப் படு."

போனை வைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, சொல்ல வேண்டிய அன்றைக்கு என் சொல்லில் எடை இல்லாமல் போயிருந்தது. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. என் இடத்தில் இருந்தால் நானே என்னை நம்பியிருக்க மாட்டேன்.

பிச்சாவரம் வரைக்கும் அது நடந்து முடித்தது. ஒரு இடத்திலும் மக்கர் பண்ணவில்லையாம். குட்டியானை என்கிற சின்ன லாரியில் வந்து இறங்கியபோது நான் கிட்டே போனேன். கையைத் தூக்கியதுமே, தொடாமலே, முதுகைக் கீழே இறக்கியது. கீறிய பட்டையின் விளிம்பு இன்னொரு இடத்தில் பதிந்திருந்தது.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டோம். வீக்கம் இறங்கி, பிறகு இரண்டு மடங்காக ஏறியது. டாக்டர் வந்து வீக்கத்தைக் கீறிவிட்டபோது வந்ததை நான் பாத்திரத்தில் பிடித்தேன். எழுத முடியாத நாற்றம். சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது என்றார். உள்ளே துணித் திரியைத் திணித்துத் தினமும் மாற்றச் சொன்னார். நான்தான் மாற்றினேன். மற்றவர்கள் வந்தால் பின்னங்காலைத் தூக்கியது.

சீசனில் தசை கரைந்துவிட்டதைச் சொன்னவரும் அவர்தான். "வாங்குன அன்னிக்கு சேணம் சரியாதான் இருந்திருக்கும்" என்றார். அட்டையை எடுத்துவந்து அதன் முதுகுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கை போகிற அளவு அட்டை முதுகுக்கு வெளியே நின்றது. நசுங்காமல், மடங்காமல், வெட்டியது வெட்டியபடியே இருந்தது அட்டை.

வைகாசி முகூர்த்தங்களுக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். ஆடியும் வந்து போனது. புண் மூடிவிட்டது. மூடிய இடம் பள்ளமாக, வெள்ளை முடியோடு இருக்கிறது. அதன்மேல் சேணமே வேண்டாம், ஜரிகைத் துணியை வைத்தால்கூட முழங்கால் மடிகிறது. இனி இது ஆள் சுமக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாங்கிக்கொள்ள வந்த ஒரு தரகர் அதன் உடம்பை மட்டும் பார்த்து எடைக்கு விலை சொன்னார். என் வீட்டுக்காரர் அந்த ஆள் வெளியே போகக் கேட்டைத் திறந்து விட்டார். இப்போது அவர் இன்னொருவர் குதிரைக்குக் கயிறு பிடிக்கப் போகிறார், தினக்கூலிக்கு. கீறிய சேணத்தை யாரும் வாங்கவில்லை.

பாண்டிச்சேரிக்காரர் ஒரு முறை வந்தார். கொட்டகையில் நெடுநேரம் நின்றார். "நானும் ஒரு வெரல் விட்டுப் பாத்திருக்கணும்" என்றார். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் பேசாததே எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. போன் அடித்தால் அவராக இருக்குமோ என்று பார்க்கிறேன்.

ஐந்து சவாரிக்கு வாங்கியதில் ஒன்றுதான் போனோம். மீதி நான்குக்கு இருபத்து நான்காயிரம். கயிறு பிடித்து வந்த காசிலிருந்து ஆயிரம், ஐந்நூறு என்று கொடுத்தது போக, அவருக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.