தாகுரூசா

என் ஓரகத்தி வாயைத் திறந்தால் தறிச் சத்தம் காதில் விழாது. அப்படி ஒரு வாய். இதில் வேடிக்கை, அவள் பேசுவது எங்கள் வீட்டுப் பேச்சு. எந்தக் காலத்திலோ எங்கிருந்தோ தறியோடு பிழைக்க வந்தவர்கள் நாங்கள்; வீட்டுக்குள் எங்கள் பாஷை, வெளியில் ஊர்ப் பேச்சான தமிழ். அவளோ இந்த ஊர்க்காரி. என் வீட்டுக்காரரின் அண்ணனை, எங்கள் மூத்தவரை, ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். என் பிள்ளைகள் ஊர்ப் பேச்சில்தான் சண்டையே போடுவார்கள். அவள் பிள்ளைகள் தூக்கத்தில் உளறினால்கூட வீட்டுப் பேச்சுதான்.

வந்த புதிதில், அவள் தறியில் ஓர் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டாள், அதே இடத்தில் மறுபடி அறுந்தது. எங்கள் பேச்சில் தாகு என்றால் நூல், ரூசா என்றால் கோபித்துக்கொள்வது. "தாகுரூசா!" என்று அந்த நூலைத் திட்டினாள். அப்படி ஒரு சொல்லே எங்களிடம் கிடையாது. பக்கத்துத் தறியில் இருந்த மூத்தவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். வேறு யாரும் அங்கே இல்லை. "அவரு சிரிச்ச அந்தச் சிரிப்புலதான்டி நான் இந்த வீட்டுக்காரி ஆனேன்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்வாள்.

சொல் தெரு முழுக்கப் பரவியது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர்களுக்கும் அதுவே பேராயிற்று.

போன மாதம் எங்கள் சனங்களின் சங்கத்தில் பழைய சொற்களைக் காப்பாற்ற ஒரு கூட்டம். மூத்தவரைத் துணைத்தலைவராக அறிவிக்கப் போவதும் அன்றுதான். செயலாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம முன்னோர் கொண்டுவந்த சொல்லு, தாகுரூசா!" என்றார். ஒரே கைதட்டல்.

இவள் எழுந்தாள். "அது நான் கட்டுன சொல்லுங்க. வேணும்னா இவரையே கேளுங்க."

"வெளியிலேர்ந்து வந்த பொண்ணு நமக்குச் சொல்லு கட்டித் தந்துச்சா?" செயலாளர் சிரித்தார். கூட்டமே சிரித்தது. "என்னப்பா, உன் சம்சாரம் சொல்றது நெசமா?"

மூத்தவர் சட்டைப் பொத்தானைத் தடவினார். "அவளுக்கு ஞாபகப் பிசகு. எங்கம்மா சொல்லிக் கேட்ட சொல்லுதான்."

ஒரு நாற்காலிக்காக இப்படிக் கழுத்தறுப்பாரா ஒரு மனுஷன்? அவ்வளவு பெரிய வாய்க்காரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவர் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து வைத்தாள். "இந்தாங்க" என்றாள், ஊர்ப் பேச்சில். பிள்ளைகள் திகைத்துப் போய் அம்மாவைப் பார்த்தார்கள்.

மூத்தவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "என்ன, தாகுரூசாவா?"

"அது உங்கம்மா சொல்லு. எனக்கு அர்த்தம் தெரியாது" என்றாள்.

அதையும் ஊர்ப் பேச்சில்தான் சொன்னாள்.